15,350 கி.மீ. பறக்க எத்தனை மணி நேரம்? விமான தூரம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? நேரடி விமானத்தில் எவ்வளவு நேரமாகும்?

சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 15,350 கி.மீ. நேரடிச் சேவைகளில் உலகின் மிக நீளமானவற்றுள் ஒன்று. அட்டவணை நேரம் பதினெட்டரை மணிக்கு மேல்.

கேள்வி: 900 கி.மீ. வேகம் என்கிறார்கள். வகுத்தால் 17 மணிதானே வருகிறது?

வகுத்தது சரிதான். ஆனால் 900 என்பது உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். அட்டவணை நேரமோ, விமானம் ஒரு கேட்டை விட்டு நகர்வதிலிருந்து இன்னொரு கேட்டில் வந்து நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு, காற்றையும் வான்வழி அனுமதியையும் பார்த்துப் பாதை கொஞ்சம் வளையும்.

கேள்வி: லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும்போது திரையில் கிரீன்லாந்து தெரிந்தது. ஏன் இந்தச் சுற்று?

சுற்றே இல்லை, அதுதான் குறுக்குவழி! தட்டையான வரைபடம் துருவப் பக்கத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதால் வரும் குழப்பம் இது. ஒரு உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறி கிரீன்லாந்து பக்கம் போகும். இதைச் செய்து பார்க்கும் யாருக்கும் முதல் முறை நம்பவே முடியாது. குழந்தைகள் இருந்தால் கட்டாயம் செய்து காட்டுங்கள்.

கேள்வி: லண்டன் – நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம். அதே தூரம்தானே?

தூரம் அதே 5,540 கி.மீ.தான். வித்தியாசம் காற்றால் வருகிறது. அந்த உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் இன்னும் வேகம். கிழக்கே போனால் தள்ளிவிடும், மேற்கே போனால் எதிர்த்து நிற்கும். 2020 பிப்ரவரியில் ஒரு 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். அப்போதும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி: டிக்கெட்டில் இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 5 மணிக்கு நியூயார்க் என்று இருக்கிறது. ஆறே மணி நேரமா?

இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூரிலிருந்து என்றால் குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். 6 + 13 = 19. அமெரிக்காவில் கோடை நேரம் நடக்கும்போது 13க்குப் பதில் 12 போடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் – நியூயார்க் தூரம் ஒரு இணையதளத்தில் 8,288, இன்னொன்றில் 15,350. எது சரி?

இரண்டும் சரி. முதலாவது கடல் மைல், 1.852ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஹெல்சிங்கி – டோக்கியோ 9 மணி நேரம் என்று பழைய பயணக் குறிப்பில் படித்தேன். இப்போது 13 காட்டுகிறதே?

2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. நூல் பிடித்தால் வரும் வழி முக்கால்வாசி ரஷ்யாவுக்கு மேலேதான் போகிறது. அதனால் வட துருவம் வழியாகவோ, தெற்கே இறங்கியோ சுற்றிப் போகிறார்கள். ஆகவே பழைய குறிப்பில் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தை இந்த மாத அட்டவணையில் பாருங்கள்.