வாசகர் கேள்வி – பதில்: டிவிஆருக்கு மாற்று உண்டா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான டிவிஆர் 1997இல் தயாரித்த கைமீரா கார் ஒன்று நெடுநாளாக என்னிடம் இருக்கிறது. வயது அறுபதைக் கடந்துவிட்டது. இடது முழங்கால் வலியால் கிளட்சை அடிக்கடி மிதிப்பது சிரமமாகிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாத காரில், மழை நாளில், மனைவியை அழைத்துச் செல்லவும் தயங்குகிறேன். அதே துடிப்பும் திறந்த கூரையும் கொண்ட, இக்காலத்துக்கு ஏற்ற கார் எது?

பதில்: கைமீராவின் எல்லாக் குணங்களையும் ஒரே காரில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே, அவற்றில் உங்களால் விட முடியாதது எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிளாக்பூலில் 1992 முதல் 2003 வரை உருவான அந்தக் காரில், எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்தி, ரோவரின் எட்டு சிலிண்டர் கொண்ட அலுமினிய வி8 என்ஜினை 4 லிட்டர் முதல் 5 லிட்டர் வரையிலான அளவுகளில் வைத்தார்கள். எடையோ ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும். 1981 முதல் 2004 வரை நிறுவனத்தை நடத்திய பீட்டர் வீலரின் காலத்தில் ஏபிஎஸ், காற்றுப்பை, சக்கரச் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு ஆகிய எதற்கும் அங்கே இடமில்லை. ஆக, உங்களை ஈர்த்தவை மூன்று: குறைந்த எடை, சாலையின் நிலையைக் கைக்கு உணர்த்தும் ஸ்டியரிங், எந்த கியரிலும் இழுக்கும் பெரிய என்ஜினும் அதன் உறுமலும்.

மூன்றாவதுதான் உயிர் என்றால், 2013 முதல் 2024 வரை விற்ற ஜாகுவார் எஃப்-டைப்பின் வி8 வகையைப் பாருங்கள். அதில் கியர் தானாகவே மாறும் என்பதால் முழங்காலுக்கு வேலையில்லை. ஆனால் அதன் எடை 1,600 கிலோவுக்கு மேல். ஓசை கிடைக்கும், லேசான கார் தரும் சுறுசுறுப்பு கிடைக்காது. கைமீராவிலிருந்து இறங்கி இதில் ஏறுபவருக்கு இது ஒரு வேகமான சொகுசுக் காராகத்தான் தோன்றும் என்பது என் கருத்து.

நண்பர்கள் பலரும் லோட்டஸ் எலீஸையும் கேட்டர்ஹாம் செவனையும் சொல்வார்கள். 1996 முதல் 2021 வரை தயாரான எலீஸின் தொடக்கக் கார்கள் 725 கிலோ அளவில்தான் இருந்தன; ஸ்டியரிங்குக்கு எந்தத் துணைவிசையும் கிடையாது, உணர்வில் அதை மிஞ்ச ஆளில்லை. கேட்டர்ஹாம், 1957ஆம் ஆண்டின் லோட்டஸ் செவன் வடிவமைப்பை 1973 முதல் தன் உரிமையில் தொடர்ந்து செய்துவருகிறது. இரண்டும் அருமையான கார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு இரண்டுமே தவறான பதில்கள். எலீஸின் அகலமான அலுமினியப் பக்கச் சட்டத்தைத் தாண்டிக் காலை உள்ளே இறக்க வேண்டும். கூரை மூடியிருந்தால் அது அரை யோகாசனம். கேட்டர்ஹாமோ, மழையையும் மனைவியையும் பற்றி நீங்கள் சொல்லும் கவலையை இரட்டிப்பாக்கும்.

அடுத்து, எல்லோர் பட்டியலிலும் முதலிடம் பெறும் மஸ்தா எம்எக்ஸ்-5. இது 1989இல் சிகாகோ கண்காட்சியில் வெளியானது. 1960களின் லோட்டஸ் எலானை மனத்தில் வைத்தே அதை உருவாக்கினார்கள் என்பது ஊரறிந்த செய்தி. 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையின் 2 லிட்டர் வகை ஏறக்குறைய உங்கள் கைமீராவின் எடைதான். 2018க்குப் பிறகு வந்தவற்றில் என்ஜின் 184 குதிரைத்திறன் தரும். கிளட்ச் மிருதுவானது, கியர் மாற்றுவது விரல்களுக்கே இன்பம். ஸ்டியரிங் மட்டும் சற்று லேசாகவும், முதல் சில வளைவுகளில் உணர்வு குறைந்ததாகவும் தோன்றும். நல்ல நிலையில் உள்ள முழங்கால்கள் இரண்டும் உங்களுக்கு இருந்தால், இத்துடன் பதிலை முடித்திருப்பேன்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. உங்கள் வி8 என்ஜின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் என்பதால், கிராமத்துச் சாலையில் மூன்றாவது கியரில் போட்டுவிட்டு நெடுந்தூரம் போகலாம். எம்எக்ஸ்-5இன் நான்கு சிலிண்டர் என்ஜினைச் சுழல வைத்தால்தான் அது உயிர்பெறும். அதற்காகக் கியரை ஓயாமல் மாற்ற வேண்டும். கிளட்சின் பாரம் குறைந்தாலும் மிதிக்கும் எண்ணிக்கை கூடிவிடும். கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. ஒரு மணி நேரம், நகர நெரிசலையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

என் முதல் பரிந்துரை, 2009 முதல் 2012 வரை விற்ற போர்ஷே பாக்ஸ்டர், அதாவது 987 வகையின் இரண்டாம் கட்டக் கார். காரணங்கள் தெளிவானவை. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தால் துணைவிசை தரும் பழைய முறை அதில் இருந்தது. அடுத்து வந்த 981இல் மின்மோட்டார் புகுந்துவிட்டது. படுக்கை வாட்டில் அமைந்த ஆறு சிலிண்டர் என்ஜின், 2.9 லிட்டரிலும் 3.4 லிட்டரிலும், இருக்கைக்குப் பின்னால் பாடிக்கொண்டே வரும். பிடிகே எனப்படும் இரட்டைக் கிளட்ச் கியர் அந்த ஆண்டுகளில்தான் அதற்கு வந்தது. இடது காலுக்குப் பெடலே கிடையாது, ஆனால் விரும்பியபோது கியரை நீங்களே மாற்றலாம். ஏபிஎஸ், கார் வழுக்கித் திரும்பிவிடாமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, காற்றுப்பைகள் எல்லாம் உண்டு. எடை கைமீராவைவிட முந்நூறு கிலோ அளவுக்குக் கூடுதல் என்பதை மறைக்க மாட்டேன். அந்த வேறுபாடு முதல் வளைவிலேயே தெரியும். இந்த வகையின் முதல் கட்டக் கார்களின் என்ஜினில், உள்ளே சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் உடையக்கூடிய பலவீனம் இருந்தது. 2009இல் வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டே இல்லை என்பதால், விலை குறைவு என்று முந்தைய ஆண்டுக் காருக்குப் போக வேண்டாம்.

பணம் தடையில்லையென்றால் மால்வெர்ன் நகரில் தயாராகும் மார்கன் பிளஸ் ஃபோரையும் பாருங்கள். 2020இல் வந்த அதில் 2 லிட்டர் பிஎம்டபிள்யூ டர்போ என்ஜின், தானியங்கி கியர், ஆயிரம் கிலோ அளவு எடை. விலை அப்போதே 60,000 பவுண்டைத் தாண்டியது. பாதுகாப்புச் சாதனங்கள் எவை உள்ளன என்பதை ஆண்டுவாரியாகச் சரிபார்த்தே வாங்குங்கள். ஆல்பைன் ஏ110 உங்கள் முழங்காலுக்கும் ரசனைக்கும் மிகப் பொருத்தமானது. 1,100 கிலோ, கிளட்ச் பெடல் இல்லை. என்ன செய்வது, அதன் கூரை திறக்காது!

கைமீராவை விற்கும் எண்ணமிருந்தால், சட்டத்தின் இரு ஓரங்களிலும் நீண்டிருக்கும் துணைக்குழாய்களில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்குபவர் குனிந்து பார்க்கும் முதல் இடமும் அதுதான். முழுமையாகச் சரிசெய்யக் கண்ணாடியிழை உடலையே தூக்க வேண்டிவரும்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் போன்று எளிமையான கார்களை இப்போது ஏன் யாரும் செய்வதில்லை? டிவிஆர் மீண்டும் வரும் என்றார்களே?

பதில்: சட்டம் பாதிக் காரணம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம். மோதல் சோதனை, பாதசாரி பாதுகாப்பு, புகை, ஓசை என ஒவ்வொரு விதியும் காருக்கு எடையையோ செலவையோ கூட்டுகிறது. மிகச் சிறிய எண்ணிக்கையில் தயாரிப்போருக்குச் சில தளர்வுகள் உண்டு. கேட்டர்ஹாம் பிழைத்திருப்பது அதனாலும்தான். ஆனால் எல்லாப் பழியையும் சட்டத்தின்மேல் போட முடியாது. அதே விதிகளுக்கு உட்பட்டுத்தான் மஸ்தா, தன் நான்காம் தலைமுறைக் காரை முந்தையதைவிட ஏறக்குறைய நூறு கிலோ குறைத்துக் காட்டியது. டிவிஆரைப் பொறுத்தவரை, 2006இல் உற்பத்தி நின்ற பிறகு, 2017இல் இங்கிலாந்தின் குட்வுட் கார் விழாவில் புதிய கிரிஃபித் காரைக் காட்டினார்கள். பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் முரேயின் வடிவமைப்பு முறை, என்ஜின் நிறுவனமான காஸ்வொர்த் மெருகேற்றிய ஃபோர்டின் 5 லிட்டர் வி8 என எல்லாம் கேட்க இனிமையாக இருந்தது. அது உற்பத்தி நிலையை எட்டவில்லை. அதற்காகக் காத்திருந்து நல்ல ஓட்டுநர் வயதை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். எம்ஜியின் சைபர்ஸ்டர் மின்காரைப் பழைய எம்ஜிபியின் வாரிசாகக் கொள்ளலாமா?

பதில்: பெயரளவில் கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஆயிரம் கிலோவுக்கும் குறைவு, ஏறத்தாழ 95 குதிரைத்திறன். 2025இல் இந்தியாவுக்கு வந்த சைபர்ஸ்டர் இரண்டு டன்னை நெருங்கும். 510 குதிரைத்திறனுடன் நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடி சொச்சத்தில் எட்டிவிடும். திறந்த கூரையும் இரண்டு இருக்கையும் தவிர ஒற்றுமை எதுவுமில்லை. மஸ்தா இந்தியாவில் விற்பனை செய்வதில்லை என்பதால் எம்எக்ஸ்-5ஐப் பரிந்துரைக்கவும் வழியில்லை. திறந்த காரில் குன்னூர் மலைப்பாதை ஏற வேண்டும் என்பது மட்டும் விருப்பமென்றால் சைபர்ஸ்டர் போதும். லேசான காரின் ருசிதான் வேண்டுமென்றால், அந்தப் பணத்தைச் செலவிடும் முன் நல்ல நிலையில் உள்ள பழைய பாக்ஸ்டர் ஒன்றை, பராமரிப்புப் பதிவேட்டுடன், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.