பழைய ஷூட்டர் கேம்களில் ஆட்கள் ஏன் வெட்டி வெட்டி நகர்கிறார்கள்? பழைய கேமைப் புதுப்பித்து வெளியிடும் ரீமாஸ்டரில் அதைச் சரிசெய்வது நல்லதா?

காரணம் சிக்கனம்தான். 1996-ல் வந்த குவேக் கேமில் அரக்கர்களுக்கு உள்ளே, உடலை அசைக்கும் எலும்புக்கூடு கிடையாது. ஒவ்வொரு நிலைக்கும் உடலின் எல்லாப் புள்ளிகளும் எங்கே இருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சேமித்து வைத்தார்கள். நினைவகத்தை மிச்சம் பிடிக்க, ஒரு புள்ளிக்கு நீள, அகல, உயரத்தில் தலா 256 இடங்கள்தான். சின்ன அசைவு என்றாலும் அது பக்கத்து இடத்துக்குத் தாவியாக வேண்டும். சும்மா நிற்கிறவனின் தோல்கூட நெளிகிற மாதிரித் தெரிவது இதனால்தான். அதுவும் நொடிக்கு 10 நிலைதான்.

டூம் கேம் (1993) இன்னும் கஞ்சம்; அதில் அரக்கர்கள் வெறும் தட்டைப் படங்கள்தான். பெரும்பாலான அரக்கர்களுக்கு 8 திசைக்கு 5 படம், மீதி கண்ணாடிப் பிம்பம். துப்பாக்கி வைத்திருக்கும் ஸோம்பி திரும்பினால் துப்பாக்கியும் கை மாறிவிடும். பிணத்தைச் சுற்றி வந்தால் அதுவும் நம் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும்!

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 கேமிலும் இந்தக் கண்ணாடி வித்தை உண்டு: துப்பாக்கிகளை இடது கைக்குச் செய்துவிட்டு, வலது கைக்காரர்களுக்குப் புரட்டிப் போட்டுக் காட்டினார்கள்; அதனால் வலப்பக்கப் பாகங்கள் இடப்பக்கம் தெரியும். ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடியும் எங்களில் யாருக்கும் இது உறைக்கவில்லை. வெலிங்டனிலிருந்து வந்த பட்டாளத்துக்காரர் மகன்தான், "டேய், ஏகே-47 போல்ட் வலப்பக்கம்ல இருக்கும்?" என்றான்.

சரி, ரீமாஸ்டருக்கு வருவோம். இரண்டு நிலைகளுக்கு நடுவே கணினியே இடைநிலைகளை இட்டு நிரப்பினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ரசிகர்கள் எழுதிய குவேக் எஞ்சின்கள் (கேமை ஓட்டும் மென்பொருள்கள்) இதைத்தான் செய்கின்றன. ஆனால் துப்பாக்கி முனையில் வெடிக்கும் தீப்பொறியும் அந்தத் துப்பாக்கியின் மாடலில், அதாவது புள்ளிகளால் ஆன அதன் உருவத்தில், ஒரு பகுதிதான். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் புள்ளிகள் ஒரே நிலையில் வெளியே குதிக்க வேண்டும். இடைநிலை போட்டால் தீ ரப்பர் மாதிரி இழுபடும். அதனால் சில மாடல்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. முந்தைய நிலையிலிருந்து இப்போதைய நிலைக்கு மெல்ல நகர்த்திக் காட்டுவதால், திரையில் தெரியும் உடல் உண்மையான நிலையைவிட 0.1 நொடி வரை பின்தங்கும். எதிரி கை ஓங்குவதைப் பார்த்து ஒதுங்குகிறவனுக்கு அது பெரிய இடைவெளி.

2021 குவேக் ரீமாஸ்டரில் புது மாடல்கள் பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடலாம். அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நான் பழைய நடையிலேயே ஆடுகிறேன். முதல் தடவை ஆடுகிறவர்கள் கண் வலிக்காமல் இருக்க வழவழப்பைப் போட்டுக்கொள்ளட்டும்.