துவக்கால் அடிக்கலாமா? சில கேள்விகள், சில பதில்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த ஒரு சந்திப்பில் ஒரு தம்பி எழும்பி, கட்டிப்புரளும் நேரத்தில் பிஸ்டலைச் சுத்தியல் மாதிரிப் பாவித்தால் என்ன என்று கேட்டார். அதோடு கேள்விகள் வரிசை கட்டிவிட்டன. பல வருடம் காவலாளிகளுக்குத் துவக்குப் பிடிக்கப் பழக்கியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஆள் மேலே விழுந்து பிடித்துவிட்டான். சுட இடமில்லை. மண்டையில் ஒன்று போட்டால் அடங்கிவிட மாட்டானா? (காவலாளி, கொட்டாஞ்சேனை)

அடங்கலாம், அடங்காமலும் போகலாம். ஆனால் உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் என் முதல் கவலை. க்ளொக் மாதிரிப் பிஸ்டலின் விசையை இழுக்க ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தம் போதும். வளர்ந்த ஆணின் கைப்பிடியோ சாதாரணமாகவே நாற்பது கிலோவைத் தொடும். திடுக்கிடும்போதும், கால் தடுமாறும்போதும், மற்றக் கையால் எதையாவது இறுக்கும்போதும் துவக்குப் பிடித்த கையும் தன்பாட்டில் இறுகும் என்று ரொஜர் எனோகா என்ற உடலியங்கியலாளர் விளக்கியிருக்கிறார். கைகலப்பில் இந்த மூன்றும் ஒரே நொடியில் வரும். ஓங்கி வீசும் கையில் விசைமேல் விரல் இருந்தால் ரவை யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பின்னால் நிற்கும் உங்கள் கூட்டாளிக்கும் போகலாம்.

இன்னொன்று: வீசிய கையை அவன் எட்டிப் பிடித்தால் துவக்கு இருவர் கையிலும் இருக்கும். நான் பழக்கியது இதுதான்: துவக்கை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள், மற்றக் கையால் அவனைத் தள்ளு, வழி கிடைத்தால் விலகு.

பழைய அமெரிக்கக் கௌபோய் காலத்தில் இப்படித்தானே அடித்தார்கள்? பிடியால்தானே? (செட்டியார் தெரு, நகைக்கடைக்காரர்)

அடித்தார்கள், ஐயா. ஆனால் பெரும்பாலும் பிடியால் இல்லை. துவக்கைத் திருப்பிக் குழலைப் பிடித்தால் குழல் வாய் உங்கள் வயிற்றைப் பார்க்கும், திருப்பவும் நேரம் போகும். வயட் ஏர்ப் போன்ற காவல்காரர்கள் குழலாலேயே தலையில் தட்டினார்கள். 1881 ஒக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் டூம்ஸ்டோன் ஊரில் அந்தப் பெயர்பெற்ற துவக்குச் சண்டைக்குச் சற்று முன் அவருடைய அண்ணன் வேர்ஜில், எதிர்ப்பக்கத்து ஐக் க்ளான்டன் என்பவரை இப்படி அடித்தார். வயட், அதே பக்கத்து ரொம் மக்லோரி என்பவரை அடித்தார். பின்னேரம் என்ன ஆனது என்று தெரியும்தானே: அடி வாங்கிய மக்லோரி செத்துப்போனார், க்ளான்டன் ஓடித் தப்பினார். தலையில் தட்டியதால் சண்டை அடங்கவில்லை.

அதற்கும் முன்னர் 18ஆம் நூற்றாண்டுப் பிஸ்டல்களின் பிடி முனையில் பித்தளைத் தொப்பி இருந்தது. ஒரு வெடிதான் வைக்கலாம், அதன்பின் கையில் இருப்பது தடி என்ற நிலை. நம்மிடம் இப்போது பதினைந்து, பதினேழு ரவை.

பழைய ரிவோல்வரால் அடித்தால் வெடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

சிலதில் உண்மை. 1873இல் வந்த கொல்ட் ரிவோல்வரில் சுத்தியின் ஊசி ரவைமேலேயே கிடக்கும். அதனால்தான் உருளையில் ரவை வைக்கும் ஓர் அறையை வெறுமையாக விட்டுக் கொண்டுபோனார்கள். 1944இல் ஒரு கடற்படை வீரர், கீழே விழுந்த ஸ்மித் அன்ட் வெஸன் ரிவோல்வர் வெடித்துச் செத்தபிறகு அந்தக் கம்பனி, சுத்தி ரவையில் படாமல் தடுக்கும் பாகத்தை மாற்றியது. புதியவை பாதுகாப்பானவை என்று நம்பியிருந்தவர்களுக்கும் 2017இல் அடி விழுந்தது: சிக் பி320 என்ற பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுட்டுக்கொள்கிறது என்று தெரிந்து, கம்பனியே திருத்திக் கொடுக்க முன்வந்தது. ரவை போட்ட துவக்கைச் சுவரில் அடித்துப் பரிசோதிக்க நினைக்கும் ஆட்களுக்கு இது போதும்.

அடிக்க வேண்டாம், சரி. குழல் வாயை அவன் உடம்பில் அழுத்தி மிரட்டலாமா?

பெரும்பாலான பிஸ்டல்களில் வாயை அழுத்தினால் ஸ்லைட், அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பாகம், பின்னே போகும். சில மில்லிமீற்றர் போனாலே துவக்குச் சுடாது. மிரட்டியவனே மாட்டிக்கொள்வான். ரிவோல்வரில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் உருளையை எதிராளி இறுக்கிப் பிடித்துவிட்டால் அதுவும் சுற்றாது.

நான் தொடர்கதை எழுதுகிறேன், அங்கிள். ஒரு தட்டில் மயங்கி, அரை மணிக்குப் பிறகு எழும்பும்படி எழுதலாமா? (பம்பலப்பிட்டி)

எழுதாதீங்க, மகள். உண்மையில் மயக்கம் வந்தால் அநேகமாகச் சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். அரை மணிக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தால் அது மூளைக் காயம், ஆஸ்பத்திரிக் கதை. காதுக்கு முன்னே, பொட்டுப் பக்கத்து எலும்பு மெல்லியது. அதன் உட்பக்கத்தில் ஒரு இரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் ஆள் எழும்பிக் கதைப்பார், தேத்தண்ணியும் குடிப்பார், சில மணிநேரத்தில் விழுவார். கதைக்கு வேண்டுமானால் இதை எடுங்கள், சினிமா மயக்கத்தை விட இது பயங்கரம்.

சட்டம் என்ன சொல்கிறது? சுடவில்லையே, வெறும் அடிதானே. (சட்ட மாணவர்)

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது. எலும்போ பல்லோ முறிந்தாலே 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். ஆபத்தான ஆயுதத்தால் கடுங்காயம் செய்வதற்கு 317ஆம் பிரிவு இருக்கிறது. அமெரிக்காவிலும் பல பொலிஸ் திணைக்களங்கள் தலையில் ஆயுதத்தால் அடிப்பதை உயிர்கொல்லும் பலம் என்றே எண்ணுகின்றன. ‘வெறும் அடி’ என்ற வார்த்தையை நீதிமன்றத்தில் சொல்லிப் பார்க்காதீங்க, தம்பி.

பிடியில் றப்பர் போட்டால் அடி உறைக்காதா?

உறைக்கும். கேள்வியே பிழை.

சரி, தப்ப வழியில்லாமல் அடித்துவிட்டேன். பிறகு துவக்கை என்ன செய்வது?

முதலில் பொலிஸுக்கும் அம்புலன்சுக்கும் சொல்லுங்கள். பொலிஸ் வந்தால் துவக்கு அவர்கள் கைக்குப் போகும். திரும்பி வந்ததும் ஆயுதம் திருத்தத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். என் பயிற்சி ஒன்றில் ஒரு தம்பி வெற்று ரிவோல்வரால் பழைய ரயரில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பார்க்க ஒன்றும் ஆகவில்லை, ஆனால் உருளை ஒழுங்காக மூட மறுத்தது. குழல், குறிபார்க்கும் முனை, உருளையைத் தாங்கும் பாகம் எல்லாம் பார்த்து முடியும்வரை அதை வைத்துச் சுட வேண்டாம்.