தொப்பூர் வளைவில் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கலாமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்காக, இரண்டு ஆண்டு ஓடிய எஸ்.யூ.வி. ஒன்றைப் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். மகன் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வீடு வருபவர். “இதில் ஏடாஸ் இருக்கிறது, கையை எடுத்தாலும் வண்டி தானாகத் திரும்பும்” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். (ஏடாஸ் என்பது கேமராவும் ரேடாரும் கொண்டு சாலையைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு.) கையை எடுத்தால் சில நொடிகளில் மணி அடித்ததால், அதை அடக்குவதற்கென்றே ஸ்டீரிங்கில் மாட்டும் எடை வளையம் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். சென்ற மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டி போதுமான அளவு திரும்பாமல் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தடத்துக்குள் போய்விட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்ததால் பிள்ளை சுதாரித்துக்கொண்டார். “வண்டியில் குறையா, ஓட்டியவரிடம் குறையா? வளைவுகளில் இதை எவ்வளவு நம்பலாம்? டெக்சாஸில் என் மைத்துனர் மகன் ஸ்டீரிங்கைத் தொடாமலே ஓட்டுகிறானே?” என்பது கேள்வி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், வாங்குவதற்கு முன்பே முன்கண்ணாடி ஒருமுறை மாற்றப்பட்டது என்றும் ஒரு வரி இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் செய்யவேண்டியது, அந்த எடை வளையத்தை இன்றைக்கே கழற்றுவது. ஸ்டீரிங்கில் கை இருக்கிறதா என்பதைப் பல வண்டிகள் கண்ணால் பார்ப்பதில்லை. பிடித்திருக்கும் கையின் லேசான எதிர்ப்பை ஸ்டீரிங் தண்டில் உள்ள சென்சார் உணர்கிறது. வளையம் செய்வதெல்லாம் ஒரு பக்கமாகத் தொங்கி, கை இருப்பதுபோல் பொய் சொல்வது. வலப்பக்கம் மாட்டிய எடை ஸ்டீரிங்கை எப்போதும் சிறிதளவு வலப்பக்கம் இழுத்துக்கொண்டேயிருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும் மோட்டாருக்கு ஏடாஸ் கொடுக்கும் பலமோ வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டது, ஏனென்றால் ஓட்டுநர் ஒரு கையால் இழுத்தாலே அதை மீற முடியவேண்டும். அப்படிப்பட்ட குறைந்த பலத்தில் ஒரு பங்கை இடது வளைவில் உங்கள் வளையமே தின்றுவிடுகிறது. விபத்தில் காற்றுப்பை விரியும்போது ஸ்டீரிங்கில் செருகிய பொருள் யாருடைய முகத்தை நோக்கிப் பறக்கும் என்பதை நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் இதேபோன்ற பொருள் ஒன்றின் விற்பனையை நிறுத்தும்படி அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே உத்தரவிட்டது. நம் ஊரில் அதுவே மொபைல் ஸ்டாண்டுக்கும் வாசனைக் குப்பிக்கும் நடுவில் பளபளவென்று தொங்குகிறது, கேட்பதற்கு ஆளில்லை.

இனி டெக்சாஸ் உறவினர் விஷயம். அங்கே அவர் ஓட்டுவது வேறு வகை. ஜெனரல் மோட்டார்ஸின் சூப்பர் குரூஸ் 2017இலும், ஃபோர்டின் புளூ குரூஸ் 2021இலும் வந்தன. முன்கூட்டியே அளந்து வரைபடமாக்கப்பட்ட நெடுஞ்சாலைகளில் மட்டுமே அவை கையெடுக்க அனுமதிக்கும், ஓட்டுநரின் கண்ணைத் தனிக் கேமரா ஒன்று கவனித்துக்கொண்டேயிருக்கும், சமாளிக்க முடியாத வளைவு வந்தால் கையை வை என்று சொல்லும். (முதல் நிறுவனம் 2017இல் இந்திய விற்பனையை நிறுத்தியது, இரண்டாவது 2021இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.) அந்த ஏற்பாடு இருந்தும், 2024 பிப்ரவரியில் அதே டெக்சாஸின் சான் அன்டோனியோவில், புளூ குரூஸில் ஓடிய கார் ஒன்று நெடுஞ்சாலை நடுவில் விளக்கின்றி நின்ற காரின் மேல் மோதி, நின்ற காரில் இருந்தவர் இறந்தார். நம் நாட்டில் உங்கள் வண்டியைப் போன்றவற்றில் விற்கப்படுவது ‘இரண்டாம் நிலை’ உதவி. கை ஸ்டீரிங்கிலும் கண் சாலையிலும் இருக்கும் ஓட்டுநருக்கு ஒத்தாசை செய்வது மட்டுமே அதன் வேலை. சட்டத்தின் முன்னால் வண்டியை ஓட்டியவர் எப்போதும் உங்கள் மகன்தான், கேமரா அன்று.

வளைவில் ஏன் திரும்பவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, வண்டிக்கு அவ்வளவு திரும்ப அனுமதியே இல்லாதிருப்பது. இத்தகைய உதவி அமைப்பு வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு, பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 79ஆம் எண் ஸ்டீரிங் விதி ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறது; அது புவியீர்ப்பில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு. கணக்காகச் சொன்னால், மணிக்கு 60 கிலோமீட்டரில் சுமார் 93 மீட்டர் ஆரமுள்ள வளைவு வரைக்கும்தான் தாங்கும். 80இல் அதற்கு 165 மீட்டர் ஆரம் வேண்டும். 100இல் சுமார் 257 மீட்டர். வேகம் கொஞ்சம் கூடினால் தேவைப்படும் ஆரம் கொஞ்சமாகக் கூடுவதில்லை, வர்க்கத்தில் கூடுகிறது. பலர் தவறுவது இங்கேதான்: 60இல் நூறு முறை ஒழுங்காகத் திரும்பிய அதே வளைவில், ஒருநாள் 80இல் போனால் வண்டி கைவிடலாம், கைவிடும்போது பல மாடல்கள் பெரிதாகக் கூச்சல் போடாது, மீட்டரில் பச்சையாக இருந்த ஸ்டீரிங் படம் சாம்பல் நிறமாக மாறும், அவ்வளவே. 80இல் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மடியில் இருக்கும் கை ஸ்டீரிங்குக்கு வர இரண்டு நொடி என்று வைத்தாலும் 44 மீட்டர். அதற்குள் தடம் மாறிவிடும்.

இரண்டாவது, கோடு. கேமரா சாலையைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறது. வளைவின் உட்புறக் கோடு லாரி டயர்களால் தேய்ந்து முதலில் அழிவது. இறக்கத்தில், மேட்டின் முனையைத் தாண்டும்போது கோடு சில நொடிகள் கண்ணிலிருந்தே மறைவது. 2018இல் அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு ஐந்து கார்களை வளைவிலும் மேட்டிலும் ஓட்டிப் பார்த்தபோது, எல்லா வளைவு முயற்சியிலும் தடத்துக்குள் நின்றது ஒரே ஒரு மாடல். அது நல்ல கோடு போட்ட நல்ல சாலையில். இங்கே புதிதாகத் தார் போட்டுவிட்டுக் கோடு போடாமலே சாலையைத் திறந்துவிடுகிறார்கள். கேட்டால் கோடு போடுவது வேறு ஒப்பந்தக்காரர் என்கிறார்கள். ஏடாஸ் வண்டிக்கு ஷோரூமில் கூடுதலாக வாங்கும் லட்சங்களுக்கும் அந்த ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டுக்கும் உள்ள தொடர்பு கார் விற்பவருக்கும் புரிவதில்லை, சாலை போடுபவருக்கும் புரிவதில்லை.

மூன்றாவது, உங்கள் கடிதத்தின் கடைசி வரி. முன்கேமரா கண்ணாடியின் மேல்பகுதியில், கண்ணாடி வழியாகப் பார்ப்பது. கண்ணாடியைக் கழற்றி வேறொன்று பொருத்தினால் அதன் பார்வை சிறிதளவு திரும்பிவிடும். ஒரு பாகை திரும்பினால் 50 மீட்டர் தூரத்தில் 87 சென்டிமீட்டர் விலகல். நெடுஞ்சாலைத் தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர், உங்கள் வண்டியின் அகலம் ஏறத்தாழ 1.9, நடுவில் ஓடினால் பக்கத்துக்கு 80 சென்டிமீட்டர்தான் மிச்சம். எனவே கண்ணாடி மாற்றியதும் கேமராவைத் திரும்ப அளவுக்குப் பொருத்தவேண்டும். இதைத்தான் கேலிபரேஷன் என்கிறோம். சேலத்தில் முப்பது ஆண்டு வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளாக இந்த வேலையும் பார்க்கிறேன். கண்ணாடி மாற்றி வரும் வண்டிகளில் கேலிபரேஷன் செய்ததற்கான தாளோடு வருவதை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். கண்ணாடி பொருத்துபவர் “அதெல்லாம் தானாகச் செட் ஆகிவிடும்” என்கிறார். இன்ஷூரன்ஸ் வேலையை முடித்துத் தருவதாக நடுவில் நிற்கும் ஏஜென்ட் கேலிபரேஷன் தொகையைப் பில்லில் சேர்த்தால் க்ளெய்ம் இழுக்கும் என்று தானே வெட்டிவிடுகிறார். பழைய கார் வியாபாரிக்கோ மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியாதவரை வண்டி சுத்தம். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 என்று கட்டுக்கட்டாகக் கையெழுத்து வாங்கும் முறையில், இந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

நியாயமாக இங்கே ஒரு விலக்கைச் சொல்லவேண்டும், இல்லையென்றால் என் தொழில்காரர்களே சண்டைக்கு வருவார்கள். “ஓட்டினால் தானாகச் செட் ஆகும்” என்பது சில வண்டிகளுக்கு உண்மை. கேலிபரேஷனில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அளந்த தூரத்தில் கட்டம் போட்ட பலகையை வைத்துச் செய்வார்கள்; மற்றதில், சாலையில் ஓட்டியே கேமரா தன்னைச் சரிசெய்துகொள்ளும். சில மாடல்களுக்கு இரண்டும் தேவை. ஆனால் அந்த இரண்டாவது விதமும் பெரும்பாலும் தானாகத் தொடங்குவதில்லை: வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, கட்டளை கொடுத்து, கம்பெனி சொல்லும் வேகத்தில், இருபக்கமும் கோடு தெளிவாக உள்ள சாலையில், திரையில் முடிந்தது என்று வரும்வரை ஓட்டவேண்டும். மழையில் ஓட்டினால் முடியாது, கோடில்லாத சாலையில் ஓட்டினால் முடியாது, பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து. ஆகவே உங்கள் கண்ணாடிக்காரர் உண்மையே சொல்லியிருந்தாலும், ஸ்கேனர் மாட்டாமல் சாவியைக் கையில் கொடுத்தனுப்பியிருந்தால் அந்த உண்மையால் உங்களுக்குப் பயனில்லை. உங்கள் மாடலுக்கு எந்த விதம் என்பதைச் சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, முடிந்தபின் ஸ்கேனரின் அறிக்கையை அச்செடுத்து வாங்குங்கள்.

குறை கேமராவிலா, வளைவின் எல்லையிலா என்பதை ஒர்க்ஷாப் போகாமல் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பகலில், கோடு நன்றாக உள்ள நேரான பகுதியிலும் லேசான வளைவுகளிலும், உதாரணமாக ஓமலூர் தாண்டியபின், இரண்டு கையும் ஸ்டீரிங்கில் லேசாக இருக்க, மகனை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். நேர்ச்சாலையிலும் சரி, இடது வலது வளைவுகளிலும் சரி, வண்டி எப்போதும் ஒரே பக்கக் கோட்டை ஒட்டியே போனால் கேமராவைச் சந்தேகிக்கலாம். நேரில் நடுவாக ஓடி, இடது வளைவில் வலப்பக்கமாகவும் வலது வளைவில் இடப்பக்கமாகவும் ஒதுங்கினால், கேமரா பெரும்பாலும் சரி. அந்த வேகத்தில் அதனால் அவ்வளவுதான் முடியும். இப்படி வளைவில் மட்டும் ஒதுங்குவதற்குச் செலவு செய்து திருத்த எதுவும் இல்லை. திருத்தித் தருகிறேன், சாஃப்ட்வேரை ‘ஓப்பன்’ செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டீரிங்கைவிட அதுவே எனக்குக் கவலை. ஒரு வாடிக்கையாளரின் காரில் பாளையம் டோல்கேட் தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். வைத்த வேகத்தைத் தானே பிடித்து, முன்னால் போகும் வண்டிக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் குரூஸ் கண்ட்ரோலில் 80 வைத்திருந்தார். முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி 40இல் ஊர்ந்தது, நம் காரும் அடங்கி அதன் பின்னாலேயே 40இல் வந்தது. வளைவு தொடங்கியதும் லாரி இடப்பக்கமாக ஒதுங்கி ரேடாரின் நேர்ப்பார்வையிலிருந்து நழுவியது. மீட்டரில் இருந்த சிறிய லாரிப் படம் மறைந்தது. வழி காலியாகிவிட்டது என்று எண்ணிய கார் 80ஐ நோக்கி உறுமியபடி பாய்ந்தது, பிரேக்கில் காலை வைக்க அவருக்கு ஒரு கணம் ஆயிற்று. காரில் எந்தப் பழுதும் இல்லை. வளைவில் அது அப்படித்தான். நின்றுபோன லாரி என்றால் இன்னும் மோசம். வளைவில் காரின் மூக்குக்கு நேரே எப்போதும் தடுப்புக் கம்பியும் பெயர்ப்பலகையும்தான் வரும். அசையாத அவற்றுக்கெல்லாம் பிரேக் அடிக்காமலிருக்கப் பழக்கப்பட்ட அமைப்பு, அங்கே பழுதாகி நிற்கும் லாரியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். லாரிக்குப் பின்னால் டிரைவர் வைத்த நாலு கல்லும் ஒடித்துப் போட்ட வேப்பங்கிளையும் உங்கள் மகனுக்குப் புரியும், கேமராவுக்குப் புரியாது.

ஆகவே டோல்கேட் தாண்டியதும் குரூஸ் கண்ட்ரோலையும், தடத்துக்குள் திருப்பிவிடும் லேன் அசிஸ்டையும் அணைத்துவிட்டு, கியரைக் குறைத்து, இரட்டைப் பாலம் கடந்து சமவெளி வரும்வரை கையால் ஓட்டச் சொல்லுங்கள். தானியங்கி அவசர பிரேக்கை மட்டும் அணைக்க வேண்டாம். அதுவும் எல்லா நேரமும் காப்பாற்றாது, ஆனால் இருக்கட்டும். ஏற்காடு போவதைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலை இல்லை. அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி தானே கையை விரித்துவிடும், அதை நம்பி யாரும் கையை எடுப்பதில்லை. தொப்பூரில் பத்தில் எட்டு வளைவை ஒழுங்காகத் திரும்பிக் காட்டிவிடுவதுதான் சிக்கல்.

வளையத்தைத் திருப்பிக் கொடுத்தால் 1,500 ரூபாய் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பில் இருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போகலாம். ஆனால் இந்தச் சாமானுக்குப் பில் போட்டுத் தரும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.