ஜப்பானிய மொழி தெரியாமல் ராகுகோ அனிமேவை ரசிக்க முடியுமா?

முடியும். "ஒரு ஆள் உட்கார்ந்த இடத்திலேயே கதை சொல்கிறார், கூட்டம் சிரிக்கிறது, சப்டைட்டில் படித்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஷோவா கென்ரொகு ராகுகோ ஷின்ஜூ' என்ற அனிமே தொடரைப் பார்க்க ஆரம்பித்தபோது எனக்கும் அதே கேள்வி வந்தது. இப்போது நான் மறுபடி மறுபடி பார்க்கும் தொடர் அதுதான்.

முதலில் ராகுகோ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மேடையில் ஒரு மெத்தை, அதில் கிமோனோ போட்ட ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார், கையில் ஒரு மடக்கு விசிறியும் ஒரு துண்டும், அவ்வளவுதான். எழுந்து நடக்க மாட்டார். கதையில் எத்தனை பேர் வந்தாலும் எல்லோரும் அவரே. தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பேசினால் வீட்டுக்காரர், இடப்பக்கம் திருப்பினால் வாடகைக்கு இருப்பவன். கடைசியில் ஒரு வரியில் கதை பொத்தென்று விழும், அதற்கு 'ஒச்சி' என்று பெயர். ராகுகோ என்ற சொல்லிலேயே அந்த 'விழுதல்' இருக்கிறது.

ஒரு கதையைச் சொன்னால் சுலபமாகப் புரியும். 'தொகி சொபா' என்று ஒரு பழைய கதை. ராத்திரி தெருவில் நூடுல்ஸ் விற்கிறவனிடம் ஒருவன் சாப்பிடுகிறான். விலை 16 மொன், அதாவது 16 காசு. காசை ஒவ்வொன்றாக விற்பவன் கையில் எண்ணி வைக்கிறான்: ஆறு, ஏழு, எட்டு... "இப்போ மணி என்ன?" "ஒன்பது." "பத்து, பதினொன்று..." ஒரு காசு மிச்சம்! இதை ஓரமாக நின்று பார்த்த இன்னொருவன் மறுநாள் ஆசையாக முன்னாடியே கிளம்பி வந்துவிடுகிறான். அந்தக் கால எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் கணக்கில் நள்ளிரவுதான் ஒன்பது, அதற்கு முந்தைய மணி நாலு. இவன் எட்டு வரை எண்ணி மணி கேட்க, "நாலு" என்று பதில் வர, "ஐந்து, ஆறு, ஏழு..." என்று தொடர்கிறான். நாலு காசு கூடுதலாகப் போய்விட்டது. இதை நேரில் சொல்லும்போது மடக்கிய விசிறி சாப்பிடும் குச்சியாகிவிடும், வெறும் வாயால் நூடுல்ஸை உறிஞ்சுகிற சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்டால் நமக்கே பசிக்கும். அந்தச் சத்தத்துக்கு எந்த மொழியும் வேண்டாம்.

சரி, அனிமேவுக்கு வருவோம். ஹருகோ குமோதா வரைந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) அது. 2016இலும் 2017இலும் ஸ்டூடியோ தீன் அதை இரண்டு பருவமாக எடுத்தது. சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவன் நேராக யாகுமோ என்கிற பெரிய கலைஞரிடம் போய் "என்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நிற்கிறான். சிறைக்கு வந்து அவர் சொன்ன 'ஷினிகாமி' கதை அவனை அப்படிப் பிடித்துக்கொண்டது. அவர் அவனுக்கு வைக்கும் பெயர் யொதாரோ, ராகுகோ கதைகளில் வரும் வெகுளிக்கு வழக்கமாக இருக்கும் பெயர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? அனிமே எதை வேண்டுமானாலும் வரையக்கூடிய கலை. யாகுமோ கதை சொல்லும்போது அந்தக் கதையையே முழுதாக வரைந்து காட்டியிருக்கலாம். பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகம், விரல், கழுத்தில் வழியும் வியர்வை, எதிரே கூட்டம், இதையேதான் நிமிடக்கணக்கில் காட்டுகிறார்கள். ராகுகோவில் படம் ஓடவேண்டியது கேட்பவர் தலைக்குள்ளே, அந்த வேலையை நம்மிடமே விட்டுவிட்டார்கள். குரல் கொடுத்த அகிரா இஷிதாவும் கொய்ச்சி யமாதெராவும் ஒரே தொண்டையில் கிழவன், வேசி, குடிகாரன் என்று மாறுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே ஆள் மாறுவது தெரியும்.

அப்புறம், பின்னணியும் கற்பனைக்குக் கட்டியது மட்டும் அல்ல. 1941இல் ராகுகோ கலைஞர்களே 53 கதைகளை, வேசியர் கதை, கள்ளக்காதல் கதை மாதிரியானவற்றை, போர்க்காலத்துக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கி, அசாகுசாவில் ஒரு கோயிலில் அவற்றுக்குக் கல்லறையே கட்டினார்கள். போர் முடிந்த பிறகுதான் அவை திரும்ப மேடைக்கு வந்தன. தொடரில் யாகுமோவோடு சேர்ந்து கலை கற்ற நண்பர் சுகெரொகுவும் அவர்களுடைய குருவும் மஞ்சூரியாவுக்குப் போகிறார்கள் இல்லையா, ஐந்தாம் ஷின்ஷோ, ஆறாம் என்ச்சோ என்ற இரண்டு பெரிய கலைஞர்கள் நிஜமாகவே 1945இல் அங்கே போய், 1947இல்தான் ஊர் திரும்பினார்கள். சுகெரொகுவின் மகள் கொனாட்சு "நான் ஆணாகப் பிறந்திருந்தால்" என்று பொருமுவதும் மிகை இல்லை. டோக்கியோவில் பெண்கள் 'ஷின்உச்சி' என்கிற உச்சப் படிநிலைக்கு உயர்ந்ததே 1993இல்தான். அதற்குக் கீழே தேநீர் கொடுத்து, குருவின் கிமோனோ மடித்து, மேடை மெத்தையைத் திருப்பிப் போடுகிற 'ஸென்ஸா' காலம், அப்புறம் 'ஃபுதாட்சுமே' என்கிற நடுப் படிநிலை, எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும்.

இது மெதுவாகப் போகிறது என்று தோன்றினால் 'அகானே பனாஷி' மங்காவை எடுங்கள், 2022 முதல் ஷோனென் ஜம்ப் இதழில் வருகிறது. அப்பாவைக் கலையிலிருந்தே விரட்டிவிட்டார்கள், மகள் மேடை ஏறுகிறாள், போட்டி மங்காவின் வேகம். போட்டியில் அவள் சொல்வது 'ஜுகேமு', ஒரு குழந்தையின் மகா நீளமான பெயரை வைத்த, ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லோருக்கும் தெரிந்ததை வைத்து ஜெயிப்பதுதான் இந்தக் கலை என்பதை அந்த இடத்தில் நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். 'ஜோஷிராகு' என்ற இன்னொரு ராகுகோ அனிமே இந்தக் கேள்விக்கு உதவாது, அதில் ஒப்பனை அறை அரட்டைதான் அதிகம்.

உங்களுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் சப்டைட்டில் என்றுதான் நினைக்கிறேன். ஒச்சி அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே எழுத்தாகத் திரையில் வந்துவிடுகிறது, நாம் கீழே படித்துக்கொண்டிருக்கும்போது மேலே முகம் மாறிவிடுகிறது. அதனால் ஒரு கதையை ஒரு தடவை படித்துப் பாருங்கள், உடனே சப்டைட்டிலை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். 'ஷினிகாமி'யில் ஆரம்பியுங்கள் (எமன் என்று பொருள்). எமன் ஒருவனைக் குகைக்குக் கூட்டிப்போய் மனித உயிர்கள் மெழுகுவர்த்திகளாக எரிவதைக் காட்டுகிறான். இவனுடையது அணையப் போகிறது, இன்னொரு திரியில் பற்றவைத்தால் பிழைக்கலாம், ஆனால் கை நடுங்குகிறது. "கியெரு... கியெரு..." அணையப்போகுது, அணையப்போகுது. அப்புறம் "கியெதா", அணைந்துவிட்டது. சொன்னவர் அப்படியே மெத்தையிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து விழுகிறார்.