ஷேவிங் நுரை பாதியிலேயே காய்ந்துபோவது ஏன்?

வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் ஷேவ் செய்வதாகவும், முதல் சுற்றில் இருக்கிற நுரை இரண்டாவது சுற்றுக்குள் காய்ந்துவிடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

சோப்பை மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். டெல்டாவின் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். நுரையாக வேண்டிய சோப்பில் ஒரு பங்கு அப்படியே வீண். ஷேவ் செய்ய ஒரு சொம்புத் தண்ணீர் போதுமே, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து ஆறிய பிறகு தெளிந்ததை எடுத்தாலும் கடினத்தன்மை ஓரளவு குறையும். உப்பு குறையாது.

தண்ணீர் சரியாகியும் நுரை நிற்கவில்லை என்றால், சோப்பு போதவில்லை என்பேன். நனைத்த பிரஷை உதறிவிட்டு சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுழற்றுங்கள். முனையில் கெட்டிப் பசையாக ஒட்ட வேண்டும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து அடியுங்கள். பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. பளபளப்பில்லாமல் பசையாக இழுத்தால் குறைவு. கடைந்த தயிர் போல வந்தால் சரி.

சித்திரை மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே நின்று ஷேவ் செய்தால் எந்த நுரையும் காயத்தான் செய்யும். முதல் சுற்று முடிந்ததும் பிரஷைக் கழுவிவிடாதீர்கள். அடிமயிரில் நுரை மிச்சம் இருக்கும். நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம்.