கேளுங்கள் டாக்டர்: எடைக்குறைப்பு அறுவைக்கு முன்னும் பின்னும்

இம்மாதம் வந்த கடிதங்களில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றியவையே மிகுதி. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறேன் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். அடுத்த மாதம் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வாரங்கள் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புரதப் பானமும் காய்கறி சூப்பும் மட்டும் அருந்தச் சொல்கிறார்கள். அறுவைக்குப் போகிறவளுக்கு உடம்பில் தெம்பு வேண்டாமா என்று என் அத்தை கேட்கிறார். எனக்கும் அந்த ஐயம் உண்டு.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் அத்தையின் கவலை அன்பினால் வருவது, ஆனாலும் இந்த இரண்டு வாரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேற்பகுதியை மூடியபடி அமைந்திருக்கிறது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அந்த மடலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவர் இரைப்பையை அணுக முடியும். உயரத்தோடு எடையை ஒப்பிட்டுப் பருமனைக் கணிக்கும் பி.எம்.ஐ. உங்களுக்குக் கிட்டத்தட்ட 45, இந்த அளவு பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது பெருத்திருக்கும், தொட்டாலே கிழிந்து இரத்தம் கசியும் நிலையிலும் இருக்கலாம். நாளொன்றுக்குச் சுமார் 800 கலோரி என்ற அளவில், மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் குறையவிடாமல் உண்ணும்போது, கல்லீரல் தன்னிடம் சேமித்த சர்க்கரையையும் அதனோடு சேர்ந்த நீரையும், பிறகு கொழுப்பையும் செலவழித்து இரண்டே வாரங்களில் நன்றாகச் சுருங்குகிறது. அறுவையைப் பாதுகாப்பாகச் செய்ய அந்தச் சுருக்கம்தான் இடம் தருகிறது. தெம்பு பற்றி அஞ்ச வேண்டாம். தசையைக் காக்கும் புரதம் அந்தப் பானத்தில் இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. உணவு இவ்வளவு குறையும்போது பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்பவராக இருந்தால், சர்க்கரை அளவு உயராமலே இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயமும் உண்டு. ஆகவே கட்டுப்பாட்டைத் தொடங்கும் முன்பே எந்த மருந்தை எப்போது குறைப்பது, எதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

குறட்டையையும் அலட்சியமாக விடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருந்து, அது தெரியாமலே மயக்க மருந்து கொடுத்தால், அறுவை முடிந்த முதல் இரவே ஆபத்தாக முடியலாம். தூக்கப் பரிசோதனை செய்து, தேவையானால் தூங்கும்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பழகிய பின்னரே அறுவைக்குச் செல்வது நல்லது. அதற்காக நாள் தள்ளிப்போனாலும் குற்றமில்லை.

கேள்வி: 51 வயதான எனக்குப் பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சல் உள்ளது, புகைப்பழக்கமும் உண்டு. ஸ்லீவ் செய்துகொள்வதா, பைபாஸ் செய்துகொள்வதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி நீக்கப்பட்டு, மீதி ஒரு குழாய்போல ஆகிறது. அந்தக் குழாயினுள் அழுத்தம் கூடுவதால் இருக்கிற நெஞ்செரிச்சல் பலருக்கு அதிகமாகிவிடுகிறது. பைபாஸில் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும் விடப்பட்டு, அது நேரடியாகச் சிறுகுடலோடு இணைக்கப்படுவதால் எரிச்சல் பெரும்பாலும் தணிகிறது. வாய்வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்றாலும், உங்களைப் போன்றவருக்கு என் மனம் பைபாஸின் பக்கமே சாய்கிறது. ஆனால் பைபாஸ் செய்தவர் புகைத்தால் இணைப்பு இடத்தில் புண் உண்டாகும். அது ஓட்டையாகவும் மாறலாம். குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே புகையை விட்டுவிடுங்கள், பின்னரும் தொடாதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளுக்கும் இதே தடை பொருந்தும்.

கேள்வி: என் கணவருக்கு ஸ்லீவ் செய்து பத்து நாள்கள் ஆகின்றன. நாங்கள் சைவம். அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர், இளநீர் ஆகியவற்றை மாற்றி மாற்றித் தருகிறேன். மிகவும் சோர்வாக இருக்கிறார். சோறு எப்போது தரலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்வது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியுள்ள நான்கிலும் புரதம் மிகக் குறைவு. பருப்பு வெந்த தெளிநீரில் சுவை இருக்கிறது. சத்து அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது. ஒரு குவளை மோரில் இரண்டு கரண்டித் தயிர் மட்டுமே இருக்கும். கஞ்சியும் இளநீரும் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும் நீருமே. இப்போது அவருடைய இரைப்பை ஒரு நேரத்தில் ஏற்கும் அளவு மிகச் சிறியது. அந்தச் சிறிய இடத்தைக் கஞ்சியால் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமில்லாமல் போகிறது.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் அவருக்குத் தேவை. 200 மில்லி பாலில் ஆறரை கிராம் அளவே புரதம் உண்டு. எனவே கொழுப்பு நீக்கிய பாலையும், வடிகட்டிக் கெட்டியாக்கிய தயிரை நீர்க்கக் கடைந்ததையும் சேர்த்து நாளில் 600 மில்லி கொடுத்து, மருத்துவமனை பரிந்துரைத்த புரதப்பொடியை இரண்டு முறை கலந்துகொடுத்தால் கணக்கு ஏறத்தாழ நிறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் 20 கிராம் கிடைக்கிறதா என்பதை டப்பாவின் பின்புறம் படித்துப் பாருங்கள். பருப்பைக் குழைய வேகவைத்து, மசித்து, சல்லடையில் வடித்துக் கொடுங்கள். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் மால்ட் பானங்களும் பழரசமும் இப்போது வேண்டாம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை.

வழக்கமாக முதல் இரண்டு வாரங்கள் திரவம், அடுத்த இரண்டு வாரங்கள் மசித்த உணவு, அதன்பின் ஆறாவது வாரம்வரையிலும் சிலருக்கு எட்டாவது வாரம்வரையிலும் மென்மையான உணவு என்பதே முறை. உங்கள் மருத்துவமனையின் அட்டவணை சற்று மாறுபட்டால் அதையே பின்பற்றுங்கள். உள்ளே நீண்ட தையல் கோடு ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுக் கெட்டியான உணவு கொடுப்பது அதைச் சோதிப்பதாகும். மென்மையான உணவுக் கட்டத்தில் பனீரை உதிர்த்துக் கொடுக்கலாம். நன்கு வேகவைத்து மசித்த பயறும் சோயாவும் ஏற்றவை. சோறு கடைசியில் வரட்டும், அதுவும் குழைந்து, ஒரு கரண்டி அளவில். சோறு, சப்பாத்தி, பரோட்டா ஆகியவை உருண்டையாகத் திரண்டு அந்தக் குறுகலான வழியில் சிக்கிக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் மிஞ்சினால் சோறு என்ற இந்த வரிசை நம் வீட்டுப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. ஆகவே குடும்பமே கூடி மாற்றிக்கொண்டால்தான் அவருக்கு எளிதாகும்.

சோர்வுக்கு நீர்க்குறைவும் காரணமாக இருக்கலாம். ஒரே மூச்சில் குடிக்க அவரால் முடியாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒரு மிடறு என்று ஒன்றரை லிட்டரை எட்டவேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் நீர் வேண்டாம். நாள்தோறும் பலமுறை வீட்டுக்குள்ளேயே நடக்கச் செய்யுங்கள். காலில் இரத்தம் உறைவதைத் தடுக்க அது உதவும். காய்ச்சல், ஓய்விலும் 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, கூடிவரும் வயிற்றுவலி, இடது தோள்வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் தையலில் கசிவோ நுரையீரலில் இரத்த உறைவோ இருக்கக்கூடும் என்று கருதி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு அறுவை முடிந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. மூன்று வாரங்களாக நாள்தோறும் வாந்தி எடுக்கிறார். இந்த அறுவை செய்தவர்களுக்கு வாந்தி இயல்புதான் என்கிறார்கள். எடையும் வேகமாகக் குறைவதால் நாங்களும் பொறுத்திருந்தோம். இப்போது கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றன என்கிறார்.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இவரைத் தொலைபேசியில் அழைத்து மனைவியை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லிவிட்டோம். மற்றவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக, அவருடைய ஒப்புதலோடு இங்கே வெளியிடுகிறோம்.

அவசரமாக உண்டதால் என்றோ ஒருநாள் வாந்தி வரலாம். நாள்தோறும் வருவது ஒருபோதும் இயல்பன்று. தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தை உடல் மிகச் சிறிதளவே சேமித்து வைக்கிறது. உணவும் மாத்திரையும் உள்ளே தங்காமல் போனால் இரண்டு மூன்று வாரங்களில் அந்த இருப்பு தீர்ந்து, முதலில் நரம்புகளும் பிறகு மூளையும் பாதிக்கப்படுகின்றன. இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். காலம் தாழ்த்தினால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடக்கூடும். உரிய நேரத்தில் ஊசிவழியாகத் தயமின் செலுத்தினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

வாந்தியும் சோர்வும் என்று அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போனால் முதலில் குளுக்கோஸ் ஏற்றுவதே நம் ஊர் வழக்கம். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மீதியிருக்கும் கொஞ்சத்தையும் அது செலவழித்து நிலைமையை மோசமாக்கும். ஆகவே எந்த மருத்துவமனையில் நுழைந்தாலும் முதல் வார்த்தையாக, எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர், தயமின் தரவேண்டும் என்று சொல்லுங்கள். அறுவை விவரம் எழுதிய சீட்டு ஒன்றை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பது நல்லது. வாந்திக்கான காரணத்தையும் தேட வேண்டும்; இரைப்பைக் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியே பலூன் வைத்து விரிக்க இயலும்.

கேள்வி: என் மகளுக்கு வயது 26. பைபாஸ் செய்து ஐந்து மாதங்களில் 31 கிலோ குறைந்திருக்கிறாள். ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வரும் தை மாதம் திருமணம். சத்து மாத்திரைகளை ஆறு மாதத்தோடு நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நிறுத்தவே கூடாது. பைபாஸ் செய்தவருக்கு உயிர்ச்சத்து, கால்சியம், இரும்பு, பி12 ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. உணவு செல்லும் பாதை மாறிவிட்டதால் எவ்வளவு நன்றாக உண்டாலும் இவை போதிய அளவு உறிஞ்சப்படுவதில்லை. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம்வரை முடி கொட்டுவது, வேகமாக எடை குறைந்த உடலில் பெரும்பாலோருக்கு நிகழ்வது. வேர் சாவதில்லை, புரதமும் இரும்பும் குறையாமல் இருந்தால் மீண்டும் வளர்கிறது. இரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் துத்தநாகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திருமணம் நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் அறுவை முடிந்து 12 முதல் 18 மாதங்கள் ஆகும்வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை மகளும் மாப்பிள்ளையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராத வேகத்தில் கூடிவிடுகிறது. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகள் சரிவர உறிஞ்சப்படும் என்று நம்பவும் முடியாது. காப்பர்-டி போன்ற வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பின்னாளில் அவள் கருவுற்றதும், சர்க்கரைப் பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவருக்கு அது படபடப்பும் வியர்வையும் மயக்கமும் உண்டாக்கும். பைபாஸ் செய்திருப்பதை முதல் சந்திப்பிலேயே தெரிவித்து, அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துத் தருவதாகச் சொல்லலாம்.